மரத்துப்போகாத இடம்

ஜெயசீலனுக்கு முழங்கால் போனது மியூசிக்கல் சேரில். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. முதலில் சிரிப்பவரே அவர்தான்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கிற பிரிவுக்கு அவர் மேனேஜர். ஆண்டு விழாவில் மேனேஜர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். கடைசி நாற்காலிக்கு அவரும் பேக்கிங் பிரிவு வஹீதா மேடமும் மட்டும் மிஞ்சினார்கள். மொத்தக் கம்பெனியும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. ஜெயசீலன் சுழன்று உட்காரப் போனார். உடம்பு சுழன்றது, கால் சுழலவில்லை. முழங்காலுக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது நாற்காலியில் வஹீதா மேடம் இருந்தார், தரையில் இவர் இருந்தார். பரிசாக வைத்திருந்த ஹாட் பேக் டப்பாவை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மாள், "பாத்து சார், வயசாய்டுச்சி இல்ல" என்றுவிட்டுப் போனது கால் வலியைவிட ஜாஸ்தியாக வலித்தது.

அதற்கப்புறம் சில மாதங்கள் அவர் அந்தக் காலை ஏமாற்றிப் பார்த்தார். தைலம் தடவினார். மெடிக்கல் ஷாப்பில் முழங்கால் உறை வாங்கி மாட்டினார். மாடிப்படி ஏறும்போது செல்போனில் பேசுகிற மாதிரி நின்று நின்று ஏறினார். கால் ஏமாறவில்லை. திடீரென்று மடக்கின இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், நீட்ட வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டவர், ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்த பிறகும் அப்படியே இருந்தார். பாட்டு பாடி முடித்தார்கள், அப்போதும் இருந்தார். கண்ணில் தண்ணீர் வேறு. பின்வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு வந்திருக்கிற பக்தியைப் பார்த்து உருகிப்போனார்கள். அவர் மனைவி எழிலரசி மட்டும் உருகவில்லை. மறுநாளே லீவு போட வைத்து வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எலும்பு டாக்டர் சாமிநாதன் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு நடுவுல போய் மாட்டிக்கிறதாலதான் கால் பூட்டிக்குது. சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா, ஒண்ணுல கத்தி விட்டு அந்தத் துண்ட வெட்டி எடுத்துடலாம். அன்னைக்கே வீட்டுக்குப் போய்டலாம்."

"மயக்கம் குடுப்பீங்களா டாக்டர்?" என்று எழிலரசி கேட்டாள்.

"முழு மயக்கம் தேவையில்ல. முதுகுல ஒரு ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துடும். இல்லன்னா முழங்கால் மட்டும் மரத்துப்போற மாதிரி அங்கயே ஊசி போட்டும் செய்யலாம். இவருது சின்ன வேலதான். ரெண்டும் சரிதான், அவர் இஷ்டம்."

முதுகில் ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜெயசீலனுக்கு முதுகுத்தண்டு தானாகவே ஒருமுறை நெளிந்தது. துருப்பிடித்த ஆணி குத்தியதற்காக ஒரு தடவை ஊசி போட்டுக்கொள்ளப் போனவர், எந்தக் கையில் போட்டால் வலி கம்மி என்று நர்ஸிடம் விசாரித்து, அவள் பதில் சொல்வதற்குள் வியர்த்துப்போனவர். ஆனால் அப்படியெல்லாம் டாக்டரிடம் சொல்ல முடியுமா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முழங்கால் மட்டும் மரத்தா போதும் டாக்டர். நான் முழிச்சிருந்து பாக்கணும். உள்ள இன்னா நடக்குதுன்னு ஒரு மனுஷன் தெரிஞ்சிக்க வேணாமா?"

டாக்டர் அவரை மரியாதையோடு பார்த்தார். எழிலரசி பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

விஷயம் அடுத்த நாளே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் தோல் கிடங்கு முனீர் அகமது. கூடவே வேலைக்குச் சேர்ந்து கூடவே நரைத்த தோஸ்த். "நம்ம சீலன் மயக்க ஊசியே வேணாம்ட்டான்பா. கால அறுக்கச் சொல்லிட்டு டிவி பாக்கற மாதிரி பாக்கப் போறான்" என்று டீ நேரத்தில் சொல்லி, மதிய சாப்பாட்டுக்குள் அது, "ஊசியே வேணாம்ட்டாராம்" என்று ஆகியிருந்தது.

யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய கதை. ஜெயசீலன் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஊசி அவர் விரலைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. அவர் கத்தவே இல்லையாம். அமைதியாக மெஷினை நிறுத்தி, ஊசியைக் கழற்றச் சொல்லி, விரலில் துணி சுற்றிக்கொண்டு மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் போனாராம். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை சொல்லப்படும். உண்மையில் அன்று அவர் கத்தத்தான் வாயைத் திறந்தார். பயத்தில் சத்தம் வரவில்லை. அப்புறம் எழுந்து போகலாம் என்று பார்த்தால் கால் நடுங்கியது, அதனால் உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்திருக்கிறவன் சும்மா இருக்க முடியாதே என்று தைத்தார். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தபடி சொன்னார்கள், அவரும் கேட்டபடி இருந்துவிட்டார். பிரிவுக்கு மேனேஜர் ஆன பிறகு அந்தக் கதை ரொம்ப உபயோகமாக இருந்தது. அவரிடம் வந்து யாரும் தலைவலி, முதுகுவலி என்று சொல்வதில்லை. தன் பிரிவில் இருப்பவர்கள் எல்லாம் இரும்பு மாதிரி என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆப்பரேஷன் அன்று காலை முனீர் தன் காரில் ஜெயசீலனையும் எழிலரசியையும் வேலூருக்குக் கூட்டிவந்தார். வழி நெடுக ஜெயசீலன் பேசிக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

"இன்னாப்பா, பயமா?" என்றார் முனீர்.

"பயமா? வயிறு காலியா இருக்கு பாய். அதான்."

"எல்லாத்தையும் நல்லா பாத்து வச்சிக்கோ. வந்து எனக்கு ஒண்ணு வுடாம சொல்லணும்."

ஆப்பரேஷன் தியேட்டரில் குளிர் நடுங்கவைத்தது. பச்சை கவுன் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பின்பக்கம் நாடா கட்டுகிற ரகம், அதைக் கட்டியிருந்தாலும் கட்டாத மாதிரியே இருந்தது. மேஜைமேல் படுத்து, காலில் பழுப்பு நிற மருந்து தடவி, அக்கம்பக்கமெல்லாம் பச்சைத் துணி போர்த்தி முடித்தபோது முழங்கால் மட்டும் தனியாக, யாருடையதோ மாதிரி, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. மார்பில் ஒட்டிய ஒயர்களும் விரலில் மாட்டிய கிளிப்பும் ஒரு மெஷினுக்குப் போயின. அது ‘பீப், பீப்’ என்று நிதானமாகச் சத்தம் போட்டது.

தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் ஹஃப்ஸா நின்றிருந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. நல்ல சின்ன வயசு. அவர் சொன்னதை ஜெயசீலன் பாதிதான் கேட்டார்.

"சார், முதல்ல தோல்ல கொஞ்சம் மருந்து, அப்புறம் மூட்டுக்குள்ள கொஞ்சம் மருந்து போடுவோம். போடும்போது எரியும். கொஞ்ச நேரம் விட்டா மரத்துடும். அதுக்கப்புறம் அழுத்தறது தெரியும், இழுக்கறது தெரியும், தண்ணி ஓடறது தெரியும். அதெல்லாம் பரவால்ல. ஆனா சுருக்குன்னு வலிச்சா உடனே சொல்லணும். சொன்னாதான் அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் மருந்து போட முடியும். புரியுதா?"

"புரியுது டாக்டர். நீங்க தைரியமா செய்ங்க" என்றார் ஜெயசீலன், அவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

பக்கத்தில் நர்ஸ் சவுரியம்மாள் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திமிரி ஊர்ப் பக்கத்து அம்மாள், பணி ஓய்வு நெருங்குகிற வயசு. "கைய சும்மா புடிச்சிக்குங்க சார். எல்லாரும் புடிச்சிப்பாங்க" என்றார். எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள் என்றால் தானும் பிடித்துக்கொள்வதில் தவறில்லை என்று ஜெயசீலன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

ஊசி எரிந்தது. மிளகாய்த் தூளை உள்ளே வைத்துத் தேய்க்கிற மாதிரி எரிந்தது. அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்புறம் டாக்டர் சாமிநாதன் கேமராவை உள்ளே விட்டார். எதிரே இருந்த டிவியில் முதலில் பனிமூட்டம் மாதிரி தெரிந்து, தண்ணீர் ஓட ஓடத் தெளிந்தது. ஜெயசீலன் வாயைப் பிளந்தார். அவருடைய முழங்காலுக்குள் வெள்ளையாக, வழவழவென்று, சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவின தோல் மாதிரி ஒரு உலகம். இத்தனை வருஷம் மண்டி போட்டும் எட்டி உதைத்தும் ஓட்டிய மூட்டுக்குள் இவ்வளவு அழகாக ஒரு இடம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

டாக்டர் ஒரு கொக்கியால் அந்த வெள்ளையைத் தட்டினார். "தெரியுதா சார்?"

"ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார் ஜெயசீலன். தட்டினார்கள், தெரியவில்லை. தன்னைப் பற்றி அவருக்கே ஒரு மதிப்பு வந்தது. பழக்கம்தான் காரணம், மனதைக் கட்டுப்படுத்தினால் உடம்பு கட்டுப்படும் என்றெல்லாம் முனீரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டார்.

"தெரியாது" என்றார் டாக்டர். "அங்க வலி தெரியற நரம்பே கிடையாது. மருந்து போடலன்னாலும் தெரியாது."

வாக்கியங்களைக் கலைத்துவிட்டு ஜெயசீலன் மறுபடி டிவியைப் பார்த்தார். ஓரத்தில் பிசிறு பிசிறாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"இதோ, இதான் கிழிஞ்ச துண்டு."

"எங்க பிரிவுல இப்படி ஒரு பீஸ் வந்தா ரிஜெக்ட் பண்ணிடுவேன் டாக்டர்."

தியேட்டரே சிரித்தது. சவுரியம்மாள்கூடச் சிரித்தார். ஜெயசீலனுக்கு ஏகப்பட்ட உற்சாகம். இதையும் முனீரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டிருந்தபோதுதான், துண்டின் பின்பக்கத்தைப் பிடிப்பதற்காக டாக்டர் காலை மடக்கி வெளிப்பக்கமாக வளைத்தார்.

சுருக்கென்றது.

அது சுருக்கென்று மட்டும் இல்லை. முழங்காலின் உள்பக்கத்தில், பின்னால், ஒரே ஒரு இடத்தில், காய்ச்சின கம்பியை வைத்த மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் மரக்கட்டை, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மருந்து வந்து சேரவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாய்வரை வந்தது. ஆனால் இப்போதுதான் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். ஜோக் அடித்த ஆள் அடுத்த நிமிஷமே "அம்மா" என்று கத்தினால் எப்படி இருக்கும்? இதோ முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்தார்.

மெஷினுக்கு அந்த மாதிரி கூச்சமெல்லாம் இல்லை. ‘பீப் பீப் பீப் பீப்’ என்று ஓட ஆரம்பித்தது.

"சார், வலிக்குதா?" என்றார் ஹஃப்ஸா.

"இல்ல டாக்டர். ஏசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"சார்" என்றார் சவுரியம்மாள் மெதுவாக, "என் வெரல வுடுங்க சார். மோதிரம் குத்துது."

பார்த்தால் அந்த அம்மாளின் விரல்களை அவர் கரும்பு பிழிகிற மாதிரி பிழிந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு விடப்போன அந்த நொடியில் டாக்டர் இன்னும் கொஞ்சம் வளைத்தார். கால் அவரைக் கேட்காமல் ஒரு துள்ளு துள்ளியது. டிவியில் இருந்த வெள்ளை உலகம் குப்புறக் கவிழ்ந்தது. டாக்டர் சட்டென்று கருவியை வெளியே உருவிவிட்டார். பீப் சத்தம் மட்டும் கேட்டது.

ஹஃப்ஸா குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சார், உள்ள கத்தி இருந்துச்சி. நீங்க கால ஆட்டினீங்க. இப்ப பாத்தீங்களே அந்த வெள்ளை, அதுல ஒரு கீறல் விழுந்தா திரும்ப வளராது. வலிச்சா சொல்லச் சொன்னேன் இல்ல?"

"தாங்கிக்கலாம்னு பாத்தேன் டாக்டர்."

"உங்கள யாரு தாங்கச் சொன்னது? தாங்க வைக்கறதா இருந்தா நான் எதுக்கு இங்க நிக்கறேன்? எனக்கு உங்க தைரியம் வேணாம் சார். எங்க வலிக்குது, எவ்ளோ வலிக்குது, அத மட்டும் சொல்லுங்க. சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல முடியாது. இப்ப எவ்ளோ?"

ஜெயசீலன் யோசித்தார். ஒரு மேனேஜருக்கு எவ்வளவு வலித்தால் கௌரவமாக இருக்கும்?

"மூணு."

ஹஃப்ஸா மெஷினைப் பார்த்தார். சவுரியம்மாள் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் சாமிநாதன் எதையும் பார்க்காமல் காத்திருந்தார்.

"ஏழு" என்றார் ஜெயசீலன். யாரும் அசையவில்லை. "ஏழரை."

"உங்களுக்கா எங்களுக்கா?" என்றார் டாக்டர் சாமிநாதன். முகமூடிக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது.

எந்த இடம் என்று வாயால் சொல்லச் சொன்னார்கள். அந்த இடத்தில் இன்னொரு ஊசி. இந்த முறை எரிந்தபோது ஜெயசீலன், "எரியுது டாக்டர், நல்லா எரியுது" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் ஆச்சரியமாக இருந்தது. எரிச்சல் குறையவில்லை, ஆனால் அதை ஒளித்துவைக்கிற வேலை போய்விட்டதால் பாதிச் சுமை இறங்கின மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்து டாக்டர் காலை வளைத்துப் பார்த்தார்.

"இப்ப?"

"ரெண்டு. இல்ல, ஒண்ணரை. இழுக்கறது தெரியுது, வலி இல்ல."

அதற்கப்புறம்தான் வினை. இத்தனை வருஷமாக எதையும் சொல்லாமலிருந்த மனுஷனுக்கு, சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. தண்ணீர் ஓடுவது சில்லென்று இருக்கிறது என்றார். இடது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நாக்கு வறள்கிறது என்றார். அந்த விளக்கில் கண் கூசுகிறது, தலையணை உயரம் கம்மி, மேஜை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ஒரு கட்டத்தில் மூக்கு அரிக்கிறது என்றும், அது ஆறு இருக்கும் என்றும் தெரிவித்தார். சவுரியம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

"டாக்டர்" என்றார் சாமிநாதன், ஹஃப்ஸாவைப் பார்த்து, "முன்னாடி இருந்த மாதிரியே வச்சிக்க முடியாதா இவர?"

கிழிந்த துண்டைச் சின்னச் சின்னதாகக் கடித்து எடுத்து, ஓரத்தைச் சீராக்கி, துளைக்கு ஒரு தையல் போட்டுக் கட்டு கட்டினார்கள். முடிந்துவிட்டது என்றபோது ஜெயசீலன் இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஹஃப்ஸா மாத்திரைகளை எழிலரசியிடம் கொடுத்தார். "இப்ப மரத்திருக்கு. சாயங்காலம் மரமரப்பு போகும். வலி வந்தப்புறம் மாத்திரை போடலாம்னு இருக்காதீங்க, வர்றதுக்கு முன்னாடியே போட்ருங்க. நேரம் தப்பாம. அப்பப்ப ஐஸ் வைங்க. கால உயரமா வச்சிக்கட்டும். பாதத்த ஆட்டிக்கிட்டே இருக்கட்டும்."

ஒரு முறை சூடு பட்டவர் இதைக் கேட்டு நடந்திருப்பார் என்று நினைப்போம். ஜெயசீலனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபோது முழங்கால் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுகம். முனீர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுந்து நடந்து காட்டினார்.

"யா அல்லா, ஊன்றுகோல் வேணாமா?"

"எதுக்கு பாய்? ஒண்ணுமே இல்ல."

எழிலரசி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். "வலியே இல்லியே எழிலு, எதுக்கு வீணா? உடம்பு கெட்டுப்போய்டும்" என்று தள்ளிவைத்தார். முனீரிடம் ஆப்பரேஷன் கதையைச் சொன்னார். ரிஜெக்ட் ஜோக் வரைக்கும் சொன்னார். அதற்கு மேல் சொல்லாமல் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். முனீர் பூரித்துப்போய், கம்பெனி முழுக்கச் சொல்ல வேண்டிய கதையோடு கிளம்பிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வலி வந்தது. முதலில் கட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, அப்புறம் உதைக்கிற மாதிரி, அப்புறம் குடும்பத்தோடு உள்ளே வந்து குடியேறிய மாதிரி. ஜெயசீலன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அடுத்த விசிலுக்கு அவரால் பொறுக்க முடியவில்லை.

"எழிலு."

"ம்?"

"எட்டு."

எழிலரசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எட்டா? மணி ஏழுதானே ஆவுது?"

"மணி இல்ல. வலி."

அவள் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். மாத்திரையைக் கொடுத்தாள். ஃப்ரீசரில் தயாராக வைத்திருந்த ஐஸை ஒரு கவரில் போட்டு, துண்டில் சுற்றி முழங்கால்மேல் வைத்தாள். காலுக்கடியில் ரெண்டு தலையணை. தியேட்டரில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்து ஜெயசீலன் மெதுவாக ஆரம்பித்தார்: "அங்க உள்ள இன்னா ஆச்சின்னா..."

"தெரியும். அந்த நர்சம்மா வெரல்ல மருந்து தடவிக்கிட்டே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள் எழிலரசி. "மூக்கு உட்பட."

மாத்திரை வேலை செய்ய நேரம் பிடித்தது. அந்த நேரமெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு என்றார். ஆறு என்றார். நாலு என்று சொல்லும்போது தூங்கிப்போயிருந்தார். மறுநாளிலிருந்து மாத்திரையை அவரே நேரம் பார்த்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தையல் பிரித்து, நடை ஒழுங்கான பிறகு கம்பெனிக்குப் போனார். டீ நேரத்தில் பிரிவே அவரைச் சுற்றிக்கொண்டது. முனீர் முன்னாலேயே மேடை போட்டு வைத்திருந்தார். கண் இமைக்காமல் பார்த்தாராமே, ஊசி போட வேண்டாம் என்று தடுத்தாராமே, டாக்டரே அசந்துபோனாராமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜெயசீலன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகங்களைப் பார்த்தார். இன்னொரு கதை தன் தலையில் ஏறப்போகிறது என்று தெரிந்தது. ஏற்கெனவே இருக்கிற ஒன்றைச் சுமப்பதே பேஜாராக இருந்தது.

"அதெல்லாம் பாய் சொல்ற கதை. முதுகுல ஊசின்னதும் பயந்துட்டேன், அதான் கால் மட்டும் மரத்தா போதும்னேன்" என்று ஆரம்பித்தார். சவுரியம்மாளின் விரல், மூணு, ஏழு, ஏழரை, மூக்கு அரிப்பு, சாயங்காலத்து எட்டு, எதையும் விடவில்லை. கொஞ்சம் கூட்டியும் சொன்னார். டீ ஆறிப்போனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முனீர் மட்டும் நம்பிக் கெட்டவர் மாதிரி, "எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் ஹீனா அவர் மேஜை அருகே வந்து நின்றாள். கனமான பூட்ஸ் தோல் தைக்கிற மெஷினில் உட்காருகிற பெண். ஒரு நாள்கூட லீவு கேட்காதவள் என்று அவர் மீட்டிங்கில் உதாரணம் காட்டுகிற பெண்.

"சார், எனக்கு இந்தக் கட்டை விரல்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும். தோல இழுத்துப் புடிக்கும்போது ஏழு வரும் சார்."

"எவ்ளோ நாளா?"

"ரம்ஜானுக்கு முன்னாடியிலேர்ந்து."

பக்ரீத்தும் போய் மாதக் கணக்காகியிருந்தது. ஜெயசீலன் "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்க வாயெடுத்து, அந்தக் கேள்வியின் பதில் தானேதான் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார். மறுநாள் அவளை டாக்டரிடம் அனுப்பினார். மணிக்கட்டில் ஊசி போட்டு, பட்டை கட்டி, கொஞ்ச நாளைக்கு அந்த மெஷின் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். அவளைத் தையல் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார்.

ஹீனா ஒருத்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் ஒருத்திக்குக் கழுத்து ஐந்து. அதற்கடுத்த நாள் ஒருவருக்கு இடுப்பு ஆறு, குனிந்தால் எட்டு. இரும்பு மாதிரி என்று அவர் சொல்லிவந்த பிரிவில் வலிக்காத ஆளே இல்லை போலிருந்தது. நாற்காலி உயரம் மாற்றினார், ஆட்களை மெஷினுக்கு மெஷின் மாற்றி மாற்றி உட்கார வைத்தார், நடுவில் கை கால் நீட்ட நேரம் விட்டார். நல்ல காரியம்தான். ஆனால் அந்த மாதம் அவர் பிரிவு தைத்துக் கொடுக்க வேண்டிய ஜோடிகளில் நன்றாகவே குறைந்துபோனது. வாயை மூடிக்கொண்டு அந்த டீயைக் குடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை.

மாதக் கடைசியில் ஜெனரல் மேனேஜர் தௌசீப் அகமது கூப்பிட்டனுப்பினார். அதிகம் பேசாத ஆள். அவர் முன்னால் உட்கார்ந்தால் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள்.

"ஏன் கம்மி?"

கரண்ட் போச்சு, நூல் சரியில்லை, தோல் லேட் என்று வழக்கமான காரணங்கள் வரிசையில் நின்றன. ஜெயசீலன் அவற்றைத் தாண்டிப் போனார்.

"ஆளுங்களுக்கு வலி சார். முன்னாடியும் இருந்துச்சி, யாரும் சொல்லல. இப்ப சொல்றாங்க. கொஞ்சம் மாத்தி உக்கார வச்சிருக்கேன். அடுத்த மாசம் சரியாய்டும்னு நெனைக்கறேன். ஆவலன்னா என் பொறுப்புதான்."

தௌசீப் அகமது ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். வேலை போய்விட்டது என்று ஜெயசீலன் மனதுக்குள் எழிலரசியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜெனரல் மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"இந்த வலது தோள் எனக்கு மேல தூக்கவே வரல ஜெயசீலன். சட்டை போட வீட்டுல ஒரு ஆள் வேண்டியிருக்கு. ஊசி போடணும்னு ஒரு டாக்டர் சொன்னார். நான் திரும்ப அந்தப் பக்கம் போகல." மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "நீங்க போட்டுக்கிட்டீங்களே, அந்த ஊசி வலிக்குமா?"

ஜெயசீலன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வலிக்கும் சார். நல்லா வலிக்கும். நான் வேணா கூட வர்றேன்."

"கூட வந்து?"

"வெளிய உக்காந்திருக்கேன் சார். உள்ள வந்தா நான் மயக்கம் போட்டு விழுந்துடுவேன், அப்புறம் உங்கள யாரு பாப்பாங்க?"

தௌசீப் அகமது சிரித்ததை அந்தக் கம்பெனியில் பார்த்தவர்கள் குறைவு. சிரித்ததில் தோள் குலுங்கி, "ஆ" என்று இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை போவதென்று முடிவானது. ஜெயசீலன் தன் பிரிவுக்குத் திரும்பி நடந்தார். கால் வலிக்கவில்லை. வாசலில் முனீர் நின்றுகொண்டு, உள்ளே என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றார் ஜெயசீலன். "இது மட்டும் சொல்ல முடியாது."